சேன் லூயியில் சிக்கனமாகத் தங்க: விலைக்கு முன்னால் கரையைப் பாருங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் ஒரு வாரம், நண்பர்கள் இரண்டு பேர், கையில் பெரிய காசு கிடையாது. மேற்கு ஆப்பிரிக்காவில் பழைய ஊர் ஒன்றில் ஹாஸ்டல் மாதிரி இடத்தில் தங்கி ஊரை நடந்தே பார்க்க வேண்டும். திம்புக்டு என்று ஒரு ஆசை, இல்லாவிட்டால் செனகலின் சேன் லூயி. எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும், அண்ணா நீங்கள் அந்தப் பக்கம் இருந்தவர்தானே, சொல்லுங்கள் என்று தம்பி கேட்டிருக்கிறார்.

திம்புக்டுவை இப்போதைக்கு விட்டுவிடுங்கள் தம்பி. 2012-இல் ஆயுதக் குழுக்கள் அந்த ஊரைப் பிடித்துப் பழைய சமாதிகளை இடித்துத் தள்ளினார்கள். இடித்ததை உள்ளூர்க் கொத்தனார்கள் திரும்பக் கட்டிவிட்டார்கள், ஆனால் போகிற வழி இன்னும் சுற்றுலாப் பயணிக்கான வழி ஆகவில்லை. மண் மசூதி இருக்கிற ஜென்னேவும் திம்புக்டு இருக்கிற அதே மாலி நாட்டில்தான். கானாவின் கேப் கோஸ்ட், பெனினின் விதா இரண்டும் பார்க்க வேண்டிய ஊர்கள்தான். இருந்தாலும் ஒரு வாரம் ஒரே இடத்தில் பையை இறக்கிவைத்துவிட்டு, செருப்பு தேய நடந்து, சாயங்காலம் மொட்டை மாடியில் உட்கார்ந்து ஆற்றைப் பார்க்க வேண்டும் என்றால் சேன் லூயிக்கு நிகர் இல்லை. நான் செனகலின் தலைநகர் டாக்கரில் இரண்டு வருடம் வேலை பார்த்தபோது ஆறு முறை போய் வந்தேன், ஆறு முறையும் வெவ்வேறு இடத்தில் தங்கினேன், அதில் இரண்டு முறை நன்றாக ஏமாந்தேன்.

முதலில் ஊரின் அமைப்பு புரிய வேண்டும், ஏனென்றால் அங்கே பட்ஜெட்டைத் தீர்மானிப்பது அறை வாடகை இல்லை, அறை எந்தக் கரையில் இருக்கிறது என்பதுதான். செனகல் ஆறு கடலில் கலக்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, ஆற்றுக்கு நடுவில் ஒரு தீவு. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல், அகலம் நானூறு மீட்டர் கூடத் தேறாது. இந்தத் தீவுதான் 1659-இல் பிரெஞ்சுக்காரர்கள் இறங்கிய பழைய சேன் லூயி, ஊர்க்காரர்கள் வாயில் ந்தார். 2000-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததும் இதுதான். கிழக்கே நிலப்பகுதி, அதற்கு சோர் என்று பெயர். சந்தை, சாதாரண மக்களின் வீடுகள், நெரிசல், எல்லாம் அங்கே. மேற்கே ஆற்றுக்கும் அட்லாண்டிக்குக்கும் நடுவில் ஒரு நீளமான மணல் திட்டு, லாங் த பார்பரி. அதன்மேல் கெட் ந்தார் என்ற மீனவர் குப்பம், அதற்குத் தெற்கே கடற்கரை விடுதிகள். சோரிலிருந்து தீவுக்கு ஃபெதெர்ப் பாலம், தீவிலிருந்து மணல் திட்டுக்குச் சின்னப் பாலங்கள்.

இப்போது மொபைல் செயலியில் விலை வரிசையில் தேடினால் என்ன ஆகும்? சோரின் உள்ளே எங்கேயோ ஓர் அறையும், கடற்கரைப் பக்கம் தள்ளி ஓர் அறையும் முதலில் வந்து நிற்கும், தீவுக்குள் இருப்பது நாலைந்து ஆயிரம் ஃபிராங்க் (அங்கத்திய பணம், ரூபாய்க் கணக்கைப் பின்னால் சொல்கிறேன்) கூடுதலாகக் கீழே கிடக்கும். அந்த நாலைந்து ஆயிரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று போனால், காலையில் ஒரு டாக்சி, மத்தியானம் வெயிலுக்கு ஒதுங்க அறைக்குத் திரும்பினால் இரண்டு டாக்சி, ராத்திரி இசை கேட்டுவிட்டு வந்தால் இன்னொன்று, அதுவும் இருட்டிவிட்டால் டாக்சிக்காரர் சொல்வதுதான் விலை. அதுவும் தவிர, இந்த ஊரின் அழகே விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும்தான். அந்த இரண்டு நேரமும் நீங்கள் தீவுக்குள் இருக்க வேண்டும். ஆக முதல் மூன்று நான்கு இரவுகள் கண்ணை மூடிக்கொண்டு தீவுக்குள் எடுங்கள். கடலோரம் தங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கடைசி இரண்டு இரவு போதும்.

கெட் ந்தாரில் தங்கலாமா என்று கேட்பீர்கள். போய்ப் பாருங்கள், கட்டாயம் பாருங்கள், சாயங்காலம் நான்கு ஐந்து மணிக்கு வண்ணம் பூசிய நீளமான படகுகள் கரையேறுவதையும் பெண்கள் மீனைக் கூடையில் அள்ளி ஓடுவதையும் பார்க்காமல் திரும்பக் கூடாது. ஆனால் அது வேலை நடக்கிற இடம், ஆப்பிரிக்காவிலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் பகுதிகளில் ஒன்று, ஒரு வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணி முடியாது. கடற்கரை அங்கே பட்டறையும் மீன் காயப்போடும் களமும் குப்பை மேடும் எல்லாம் சேர்ந்தது. நீந்துகிற கடற்கரை இல்லை. கேட்காமல் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள், திட்டு விழும், நியாயமான திட்டுதான்.

தெற்குப் பக்கக் கடற்கரை விடுதிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2003 அக்டோபரில் ஆறு பெருகி ஊருக்குள் வந்துவிடும் என்ற பயத்தில், தண்ணீரைச் சீக்கிரம் கடலுக்கு விட மணல் திட்டின் குறுக்கே நான்கு மீட்டர் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். வெள்ளம் வடிந்தது. வாய்க்கால் மூடவில்லை. நாளுக்கு நாள் அகலமாகி, கிலோமீட்டர் கணக்கில் வாய் திறந்து, புதிய முகத்துவாரமே அதுவாகிவிட்டது. தூன் பாபா தியே என்ற கிராமம் கடலோடு போயிற்று. கெட் ந்தாரின் முன் வரிசை வீடுகளையும் கடல் தின்று, ஆட்கள் உள்ளே குடியமர்த்தப்பட்டார்கள். அதனால் இணையத்தில் ஐந்தாறு வருடத்துக்கு முந்தைய படத்தில் அகன்ற மணல்வெளியும் சாய்வு நாற்காலியும் இருந்தால், நேற்று எடுத்த படம் ஒன்றை வாட்சாப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நான் கேட்காமல் ஒரு முறை போனேன். படத்தில் நாற்காலி போட்டிருந்த இடத்தில் மணல் மூட்டைகள் அடுக்கி வைத்திருந்தார்கள்.

சரி, தீவுக்குள் என்ன மாதிரி இடம் கிடைக்கும்? ஐரோப்பாவில் இருப்பது போல அடுக்குக் கட்டில், லாக்கர், பொதுச் சமையலறை என்று ஹாஸ்டலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஓரிரண்டு இடங்களில் டார்மிட்டரி உண்டு, மற்றபடி அங்கே சிக்கன விடுதிக்குப் பெயர் ஓபெர்ஜ். பழைய வணிகர் வீடு ஒன்றை எடுத்து, நடு முற்றத்தைச் சுற்றி ஆறேழு அறை, மேலே மரப் பால்கனி, அதற்கு மேலே மொட்டை மாடி. கழிவறையும் குளியலறையும் பெரும்பாலும் பொது. இங்கே ஒரு கணக்கு இருக்கிறது: இந்த விடுதிகள் பலவற்றில் வாடகை தலைக்கு இல்லை, அறைக்கு. இரண்டு பேர் போகிறீர்கள் என்றால் இரண்டு டார்மிட்டரிக் கட்டிலின் விலைக்கே, சில சமயம் அதைவிடக் குறைவாகவே, மின்விசிறி போட்ட தனி அறை கிடைத்துவிடும். டார்மிட்டரி என்ற சொல்லை வைத்துத் தேடாமல் ‘ஷாம்ப்ர் வாந்திலே’ என்று கேளுங்கள், மின்விசிறி அறை என்று பொருள். ‘க்ளிமாத்திஸே’ என்றால் ஏசி, விலை சட்டென்று ஏறும், ஜனவரியில் அது தேவையே இல்லை. ராத்திரி கடல் காற்றுக்குப் போர்வையைத்தான் தேடுவீர்கள்.

என் பெரிய ஏமாற்றம் இந்த டார்மிட்டரியில்தான் நடந்தது. முன்கூட்டியே செயலியில் கட்டில் பதிவு செய்துவிட்டு, டாக்கரிலிருந்து வண்டி தாமதமாகி ராத்திரி ஒன்பதரைக்குப் போய் நிற்கிறேன். காவலுக்கு இருந்த பையன் என் பதிவைப் பார்த்துவிட்டு மிகவும் மரியாதையாக, ‘கொம்ப்ளே’ என்றான், நிரம்பிவிட்டது என்று. பதிவு என்பது அங்கே ஓர் உத்தேசம்தான் போலிருக்கிறது. கடைசியில் அதே விலைக்கு மொட்டை மாடியில் ஒரு மெத்தை, தலைக்கு மேலே கொசுவலை, மூலையில் கட்டிப்போட்ட இரண்டு செம்மறி ஆடுகள். செனகலில் மாடியில் ஆடு வளர்ப்பது நம்மூரில் மாடித் தோட்டம் மாதிரி, பக்ரீத்தை அங்கே தபஸ்கி என்பார்கள், அதற்காக மாதக் கணக்கில் வளர்ப்பார்கள். நடுராத்திரிக்கு மேல் பனி இறங்கி மெத்தை ஈரமாகிவிட்டது. அப்புறம் விடிவதற்கு முன்னால் நான்கு திசையிலிருந்தும் பாங்கு. எழுந்து உட்கார்ந்தால், கிழக்கே பாலத்துக்குப் பின்னால் வானம் வெளுக்கிறது, ஆற்றில் ஒரே ஒரு படகு, ஆடு என் போர்வை நுனியை மென்றுகொண்டிருக்கிறது. கோபம் போய்விட்டது, பணத்தைத் திருப்பிக் கேட்கவும் மறந்துவிட்டேன். நீங்கள் மறக்க வேண்டாம்.

அதிலிருந்து நான் வைத்துக்கொண்ட வழக்கம் இது. செயலியில் ஓர் இரவு மட்டும் பதிவு செய்வேன், மீதியை நேரில் பார்த்துப் பேசிக்கொள்வேன். புறப்படுகிற அன்று காலையில் வாட்சாப்பில் ஒரு செய்தி, இத்தனை மணிக்கு வருகிறேன் என்று. போய்ச் சேர்ந்ததும் பையை இறக்குவதற்கு முன்னால் அறையைப் பார்ப்பேன்: கொசுவலையில் ஓட்டை இருக்கிறதா, விசிறி சுற்றுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, கதவுத் தாழ்ப்பாள் உள்ளிருந்து விழுகிறதா. வலையை ஒரு தடவை முழுக்க விரித்துப் பார்த்துவிட வேண்டும், சுருட்டிக் கட்டி வைத்திருக்கும்போது எல்லா வலையும் நல்ல வலைதான். பிறகு வாடகையில் காலை உணவு சேர்த்தியா, தலைக்கு ஒரு இரவுக்கு என்று வாங்கும் சுற்றுலா வரி சேர்த்தியா என்று கேட்டு, முடிந்தால் மொத்தத் தொகையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வேன். அந்த வரி கிளம்பும் நாளில்தான் கணக்கில் தலைகாட்டும். மூன்று இரவுக்கு மேல் என்றால் விலை குறைத்துக் கேட்கலாம், தவறாக நினைக்க மாட்டார்கள், ஆனால் கேட்பதற்கு முன்னால் நலம் விசாரிக்க வேண்டும். இது அங்கே சட்டம் மாதிரி. ‘ஸலாமாலேக்கும்’, ‘நங்கா தெஃப்?’ என்று ஆரம்பித்து, வீடு எப்படி, குடும்பம் எப்படி என்று ஒரு சுற்று வந்த பிறகுதான் விஷயம். நேராக ‘எவ்வளவு?’ என்று கேட்டால் விலை தானாகவே ஏறிக்கொள்ளும். பதிலுக்கு நீங்கள் சொல்ல வேண்டியது ‘மாங்கி ஃபி ரெக்’, இங்கேதான் இருக்கிறேன், நலம் என்று அர்த்தம். நன்றிக்கு ‘ஜெரெஜெஃப்’. வோலோஃப் மொழியில் இந்த நான்கு சொல் தெரிந்தால் பிரெஞ்சு தெரியாத குறை பாதி தீர்ந்துவிடும்.

தேதி விஷயத்தில் ஜனவரி நல்ல தேர்வு. நவம்பர் முதல் மார்ச் வரை மழை கிடையாது, எப்போதாவது பாலைவனத்திலிருந்து தூசிக் காற்று வந்து ஒரு நாள் வானம் மங்கும், அவ்வளவுதான். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை புழுக்கமும் மழையும் கொசுவும். தெருக்களில் தண்ணீர் நிற்கும். மே கடைசி, ஜூன் வாக்கில் ஜாஸ் விழா நடக்கும், அருமையான விழா, ஆனால் அந்த வாரத்தில் சிக்கனம் என்ற பேச்சே எடுக்க முடியாது. செப்டம்பர் 5-ஐ ஒட்டியும் ஊர் நிரம்பி வழியும். 1895-இல் மூரித் என்ற சூஃபி இயக்கத்தின் ஷேக் அமது பம்பாவைப் பிரெஞ்சுக்காரர்கள் விசாரணைக்கு அழைத்தபோது அவர் ஆளுநர் அலுவலகத்திலேயே இரண்டு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) தொழுதார் என்று நினைவுகூர்ந்து பெருங்கூட்டம் வரும். ரமலான் மாதம் வருடா வருடம் நகர்ந்து வருவதால் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். பகலில் சாப்பாட்டுக் கடை தேடுவது சிரமம்.

போகிற வழி. சென்னையிலிருந்து துபாய், அடிஸ் அபாபா, இஸ்தான்புல் வழியாக டாக்கர் வரலாம். விமான நிலையம் டாக்கருக்குள் இல்லை, ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தள்ளி தியாஸ் என்ற இடத்தில் 2017 டிசம்பரில் திறந்த புது நிலையம். நிறையப் பேர் அங்கிருந்து டாக்கருக்குள் போய், ஓர் இரவு வாடகை கொடுத்து, மறுநாள் திரும்ப அதே பக்கமாகப் பயணம் செய்வார்கள். டாக்கரைப் பார்க்கும் எண்ணம் இல்லையென்றால் விமான நிலையத்திலிருந்து நேரே தியெஸ் என்கிற இன்னொரு ஊருக்குப் போய்விடுங்கள், சுமார் முப்பது கிலோமீட்டர். சேன் லூயி போகிற வண்டிகளில் பல அந்த வழிதான் வரும். டாக்கரிலிருந்து என்றால் பீக்கினில் இருக்கிற போ மரேஷே என்ற நிலையத்துக்குப் போக வேண்டும். பேருந்தும் உண்டு, ‘செத் ப்ளாஸ்’ என்கிற ஏழு இருக்கை வண்டியும் உண்டு. இந்த செத் ப்ளாஸ் ஒரு தனிப் பிறவி: பழைய பெஜோ கார், வயது நம்மைவிட அதிகம் இருக்கும், முன்னால் ஒருவர், நடுவில் மூவர், பின்னால் மூவர், ஏழு பேர் சேர்ந்தால்தான் நகரும். கடைசி வரிசையில் முழங்கால் தாடையில் இடிக்கும். அதனால் போனதும் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் எத்தனை இடம் போயிருக்கிறது என்று பாருங்கள். பின் வரிசைதான் பாக்கி என்றால் அடுத்த வண்டிக்கு முதல் ஆளாகக் காத்திருங்கள். ஆள் கட்டணம் நிலையானது, பைக்குத் தனிக் கட்டணம், அதில்தான் பேரம். 260 கிலோமீட்டர் சொச்சம், தியெஸ், கெபெமேர், லூகா வழியாக நாலரை ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், காலையிலேயே கிளம்புங்கள். சேன் லூயியில் இறக்கிவிடுகிற இடம் தீவு இல்லை, ஊருக்கு வெளியே; அங்கிருந்து ஒரு டாக்சி பிடித்து ‘ந்தார்’ என்று சொன்னால் போதும்.

அந்த டாக்சி ஃபெதெர்ப் பாலத்தில் ஏறும்போது போனைக் கீழே வைத்துவிட்டு வெளியே பாருங்கள். ஐந்நூறு மீட்டருக்குச் சற்று மேல் நீளம், இரும்பு வளைவுகள், 1897-இல் திறந்தது. டான்யூப் ஆற்றுக்குச் செய்த பாலம் தவறி இங்கே வந்துவிட்டது என்று ஒவ்வொரு வழிகாட்டியும் சொல்வார், கதை நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை.

பணம். அங்கே செலாவணி சி.எஃப்.ஏ. ஃபிராங்க், ஒரு யூரோவுக்கு 655.957 என்று கட்டி வைத்த விலை. ஆயிரம் ஃபிராங்க் என்றால் ஏறக்குறைய 150 ரூபாய் என்று மனதில் போட்டுக்கொண்டால் கணக்கு சுலபம். யூரோ நோட்டாகக் கொண்டுபோங்கள், மாற்றுவது எளிது. வீசா அட்டை ஏடிஎம்களில் வேலை செய்யும், ஆனால் இயந்திரம் பத்தாயிரம் நோட்டாகத் துப்பும், அந்த நோட்டைக் கடையில் நீட்டினால் சில்லறை இல்லை என்று கை விரிப்பார்கள். முதல் வேலையாகப் பெரிய கடையில் ஏதாவது வாங்கி உடைத்துவிடுங்கள். உள்ளூரில் எல்லாரும் வேவ் என்ற செயலியில்தான் பணம் அனுப்புகிறார்கள், நம் யுபிஐ மாதிரி, நீல நிறமும் பென்குவின் படமும் ஊரெங்கும் தெரியும். ஒரு வாரத்துக்காக நீங்கள் உள்ளூர் சிம் எடுத்தால் அதையும் போட்டுக்கொள்ளலாம், இல்லாவிட்டாலும் காசில் சமாளிக்கலாம். என் உத்தேசக் கணக்கில், தீவுக்குள் விசிறி அறையைப் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு ஏழிலிருந்து பத்தாயிரம், சாப்பாட்டுக்கு நாலைந்து ஆயிரம், டாக்சி, தண்ணீர், டீக்கு இரண்டாயிரம். ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்தாயிரம் ஃபிராங்க் வைத்தால் கையைக் கடிக்காது. மேலே சொன்ன விலையெல்லாம் நான் இருந்த காலத்தின் அளவுகோல், பத்து இருபது சதவீதம் கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் மிச்சம் பிடிக்கும் வழி, ஊர்க்காரர்கள் சாப்பிடும் நேரத்தில் அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிடுவதுதான். மத்தியானம் ஒன்றரை இரண்டு மணிக்குச் சின்னக் கடைகளில் செபுஜென்: மீன், தக்காளிச் சாறில் வேகவைத்த நொய்யரிசி, பெரிய துண்டாக மரவள்ளி, கேரட், முட்டைக்கோஸ், கத்தரிக்காய், அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டி ஓரத்தில் வைப்பார்கள், அதற்குத்தான் போட்டி. இந்த உணவு பிறந்ததே சேன் லூயியில்தான், பெந்தா ம்பாய் என்ற சமையல்காரி செய்தது என்று பெயரோடு சொல்வார்கள். 2021-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. மூன்று மணிக்குப் போனால் தீர்ந்திருக்கும், பிறகு சுற்றுலாப் பயணிகளின் உணவகத்தில் மூன்று மடங்கு கொடுத்து அதையே சாப்பிட வேண்டியதுதான். காலையில் தெருவோரப் பெண்களிடம் ந்தம்பே, நீள ரொட்டியைப் பிளந்து காராமணி மசியலை வைத்துத் தருவது. சைவக்காரர்களுக்கு இதுதான் உயிர்நாடி, கூடவே முட்டை ஆம்லெட். இராத்திரிக்கு ‘த்தியாக்ரி’, கம்பு மாவை உருட்டி ஆவியில் வேகவைத்து இனிப்புத் தயிரில் போட்டது. கம்பங்கூழ் குடித்து வளர்ந்தவர்களுக்கு முதல் வாயிலேயே பிடித்துவிடும். பிஸாப் என்ற சிவப்புச் சாறு, நம் புளிச்சைக் குடும்பத்துச் செடியின் இதழில் செய்வது. புய் என்ற வெள்ளைச் சாறு, பெருக்கமரத்தின் பழத்திலிருந்து. சாறு வாங்கும்போது எந்தத் தண்ணீரில் கலந்தது என்று பாருங்கள், முதல் இரண்டு நாள் புட்டித் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வது வயிற்றுக்கு நல்லது.

ஊருக்குள் பார்க்க என்ன என்று நீளமாக எழுதப் போவதில்லை, தீவு சின்னது, தெருக்கள் கட்டம் போட்ட மாதிரி இருக்கும், தொலையவே முடியாது. 1828-இல் எழுந்த தேவாலயம், வடக்கே மணிக்கூண்டு ஒட்டிக்கொண்டிருக்கிற 1847-ஆம் வருடத்து மசூதி, புகைப்பட அருங்காட்சியகம், பாலத்தின் தலைமாட்டில் தபால் விமானி மெர்மோஸ் தங்கிய பழைய ஓட்டல். அவர் 1930 மே மாதம் இங்கிருந்துதான் தபால் மூட்டையோடு அட்லாண்டிக்கைத் தாண்டி பிரேசில் போனார். அந்த ஓட்டலில் தங்க நம் பட்ஜெட் இடம் கொடுக்காது, ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்.

ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் நின்று சொல்ல வேண்டும், நான் புதுச்சேரிக்காரன் என்பதால். கீழே கிடங்கு, மேலே வீடு, காவி மஞ்சள் சுவர், மரப் பால்கனி என்று அந்தத் தெருக்களில் நடக்கும்போது முதல் நாளே எனக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பிரெஞ்சுக்காரன் கட்டினால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, ஒற்றுமை சுவரோடு நிற்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் இந்தக் கிடங்குகளில் குவிந்து கிடந்த சரக்குகளில் முக்கியமான ஒன்று புதுச்சேரித் துணி. அவுரிச் சாயம் தோய்த்த கருநீலப் பருத்தித் துணி, அதற்கு ‘கினே’ என்று பெயர். பாண்டியில் நெய்து, சாயம் ஏற்றி, கப்பலில் பிரான்ஸ் வழியாக இங்கே வரும். இங்கிருந்து படகில் ஆற்றின் மேலே போகும். பாலைவனத்து மூர் வணிகர்கள் வேலமரப் பிசினைக் கொண்டுவந்து கொட்டி, பதிலுக்கு இந்தத் துணியை வாங்கிக்கொள்வார்கள். காசுக்குப் பதில் துணிதான் கணக்கு: இத்தனை பிசினுக்கு இத்தனை கினே என்று. சாயத்தின் வாடையை வைத்தே அசல் பாண்டித் துணியா, ஐரோப்பிய நகலா என்று கண்டுபிடிப்பார்கள் என்று சொல்வதுண்டு. இது தெரிந்த பிறகு தீவின் தெற்குக் கோடியில் ஒரு பழைய கிடங்கின் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். கதவு பூட்டிக் கிடந்தது, இடுக்கில் ஒரு பூனை, உள்ளே இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வில்லியனூர்ப் பக்கத்துத் தறி எதிலிருந்தாவது ஒரு துண்டு இந்த வாசல் வழியாகப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

பறவைகள் பிடிக்கும் என்றால் ஜூத்ஜ் சரணாலயத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள், வடக்கே அறுபது கிலோமீட்டர், ஜனவரிதான் சரியான பருவம். சகாராவைத் தாண்டி வருகிற பறவைகளுக்கு முதலில் கிடைக்கிற நன்னீர் அது, ஆயிரக்கணக்கான கூழைக்கடாக்கள் ஒரே திட்டில் உட்கார்ந்திருக்கும். வண்டி வாடகை, நுழைவுக் கட்டணம், படகு மூன்றும் சேர்ந்தால் அந்த ஒரு நாளே உங்கள் இரண்டு நாள் பட்ஜெட்டை விழுங்கும். வண்டி வாடகைதான் பெரிது, அது தலைக்கு இல்லை, வண்டிக்கு. ஆகவே முதல் நாள் சாயங்காலமே விடுதி முற்றத்தில் யார் யார் வருகிறார்கள் என்று கேட்டு நாலைந்து பேரைச் சேர்த்துவிடுங்கள். சிக்கன விடுதியில் தங்குவதன் உண்மையான லாபம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பெரிய ஓட்டலில் பக்கத்து அறைக்காரரிடம் போய் வண்டியில் பங்கு சேர்கிறீர்களா என்று கேட்க முடியாது.

பாதுகாப்பைப் பற்றி பயமுறுத்த ஒன்றும் இல்லை. பாலத்தின்மேல் கூட்டத்தில் போனைப் பின் பாக்கெட்டில் வைக்காதீர்கள், ராத்திரி பத்துக்கு மேல் மணல் திட்டுப் பக்கம் தனியாக நடக்காதீர்கள். ‘என்னை ஞாபகம் இல்லையா, உன் விடுதியில் வேலை செய்கிறேனே’ என்று சிரித்துக்கொண்டு வருபவருக்குப் பெரும்பாலும் உங்கள் விடுதி எது என்றே தெரியாது. எந்த விடுதி என்று நீங்கள் கேட்டால் சிரித்துக்கொண்டே போய்விடுவார். டப்பாவோடு சின்னப் பையன்கள் வருவார்கள், குர்ஆன் பள்ளிகளிலிருந்து பிச்சைக்கு அனுப்பப்படுகிறவர்கள். காசு கொடுத்தால் அது பையனிடம் தங்காது, ரொட்டி வாங்கிக் கையில் கொடுங்கள், அங்கேயே சாப்பிடுவான்.

கடைசியாக மருந்து, தடுப்பூசி. மலேரியா உள்ள நாடு, புறப்படும் முன் மருத்துவரைப் பார்த்து மாத்திரை கேட்டுக்கொள்ளுங்கள். வலை இருக்கிறது என்று விட்டுவிட வேண்டாம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், நாள் பார்த்து முன்பதிவு செய்ய வேண்டும், போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், ஆகவே டிசம்பர் கடைசிக்குத் தள்ளாதீர்கள். இதை அங்கே போவதற்காக என்று மட்டும் நினைக்க வேண்டாம். திரும்பி வரும்போது சென்னை விமான நிலையத்தில்தான் அந்த மஞ்சள் அட்டையைக் கேட்பார்கள், இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிட முடியும். என்னோடு வந்த ஒருவர் அதைப் பெரிய பெட்டியில் போட்டு, பெட்டி துபாயிலேயே நின்றுவிட்டது. கைப்பையில், பாஸ்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள்.